கொள்ளிடக் கரையிலிருந்து குழம்புச் சட்டி வரை

மீன் குழம்புக்குத் தமிழில் ஆயிரம் குறிப்பு கிடைக்கும். பிடித்த மீனை அடுப்படி வரைக்கும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று எழுதியவர்கள் குறைவு. ஆனால் மீன் நல்லா இருக்கா, நாறிப்போச்சா என்பது பெரும்பாலும் அந்த இடைவழியில்தான் முடிவாகிறது. மசாலா எவ்வளவு போட்டாலும் வழியில் கெட்டதை அடுப்பில் சரிசெய்ய முடியாது. அந்த இடைவழியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இடம், அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி. வெளியூர்க்காரர்களுக்கு இது அடைக்கல மாதா கோயில் ஊர், வீரமாமுனிவர் இருந்த ஊர். உள்ளூர்க்காரர்களுக்குக் கொள்ளிடத்தின் வடகரை. முக்கொம்பில் காவிரியிலிருந்து திருப்பிவிடும் உபரி வெள்ளம் இந்த வழியாகத்தான் அணைக்கரையைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று மணலில் அங்கங்கே மடுக்கள் நிற்கும். அதில் கெண்டை, கெளுத்தி, விரால், ஆரல் எல்லாம் மாட்டிக்கொண்டு கிடக்கும். கோடையில் சுற்றுப்பட்டு ஏரிகள் வற்றும்போது ஊரே வலையும் ஊத்தாவுமாக இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் விசைப்படகுத் தடை வேறு. கடல் மீன் வரத்து குறைந்து, ஏரி மீனுக்கும் ஆற்று மீனுக்கும் கிராக்கி ஏறுகிற அதே சமயத்தில்தான் வெயிலும் 40 டிகிரியைத் தொடுகிறது. மீன் அதிகமாகக் கிடைக்கிற காலமும் வேகமாகக் கெடுகிற காலமும் ஒன்று.

மீன் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

உயிரோடு இருக்கிற மீனின் சதைக்குள் கிருமி கிடையாது. கிருமிகள் மூன்று இடத்தில் இருக்கும்: மேல்தோலின் வழுவழுப்பில், செவுளில், குடலில். உயிர் இருக்கும்வரை மீனின் உடம்பு அவற்றை உள்ளே விடாது. உயிர் போனதும் அந்தக் காவல் போய்விடுகிறது. அத்தோடு, இரையைச் செரிக்க வேண்டிய நொதிகள் மீனின் வயிற்றுச் சுவரையே செரிக்கத் தொடங்கிவிடும். வயிறு உப்பி, அடிப்பக்கம் பிய்ந்து போயிருக்கிற மீனைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அது இந்த வேலைதான். வயிறு நிறைய இரை தின்ற மீன் இன்னும் சீக்கிரம் கெடும். அதனால்தான் மீன் பண்ணைக்காரர்கள் பிடிப்பதற்கு முதல் நாளே தீனியை நிறுத்திவிடுவார்கள்.

இந்த வேலை எல்லாவற்றுக்கும் வேகம் கொடுப்பது சூடு. ஏறக்குறைய ஒரு கணக்கு சொல்வார்கள். 0 டிகிரியில் ஒரு நாள் முழுக்க ஆகிற கெடுதல், 10 டிகிரியில் ஆறு மணி நேரத்தில் ஆகிவிடும். 30 டிகிரியில் ஒன்றரை மணி நேரமே போதும். மடுவில் பிடித்து, கரையில் பேசிக்கொண்டிருந்து, வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, வீட்டுக்கு வந்து சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீனும் அதுவும் ஒன்றுதான். “இப்பதான் புடிச்சது, புது மீனு” என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இதில் நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. நம் ஊர் மீன்மேல் இருக்கிற கிருமிகள் சூட்டில் வாழப் பழகியவை. குளிர்நாட்டுக் கடல் மீனின் கிருமிகள் ஐஸிலும் மெல்ல வளரும். நம்முடையவை ஐஸைக் கண்டால் கிட்டத்தட்ட முடங்கிவிடும். ஆகவே வெப்பமண்டல நன்னீர் மீன், பிடித்த உடனே ஐஸில் போட்டால், குளிர்நாட்டு மீனைவிட அதிக நாள் தாங்கும். ஐஸால் அதிகப் பலன் அடையக்கூடிய மீனைத்தான் நாம் ஐஸ் இல்லாமல் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

எடுத்துவரக் கூடாத மீன்

சுத்தம் செய்வதற்கு முன்னால், எது வீட்டுக்கே வரக் கூடாது என்று பார்த்துவிடலாம்.

முதலாவது, தானாகச் செத்து மிதக்கிற மீன். வற்றுகிற குட்டையில் மூச்சு முட்டிச் செத்திருக்கலாம். யாராவது பூச்சிமருந்து ஊற்றியிருக்கவும் கூடும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சமைத்தாலும் மருந்து போகாது. மருந்து ஊற்றியும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. சட்டத்துக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது, பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

இரண்டாவது, உரிமை இல்லாத இடத்து மீன். பல ஏரிகளின் மீன் பாசி குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்காமல் வலை போட்டால் வம்பு. பக்கத்திலிருக்கும் கரைவெட்டி ஏரி 1999-லிருந்து பறவைகள் சரணாலயம், 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கிருக்கிற மீன் வலசை வரும் பறவைகளுக்கான சாப்பாடு. தூண்டில் எடுத்துக்கொண்டு போகிற இடம் இல்லை அது.

மூன்றாவது, வளர்ப்பதற்கென்று உயிரோடு எடுத்துப்போய் வேறொரு குளத்தில் விடும் மீன். ‘சும்மா நாலு விட்டா பெருகட்டுமே’ என்று செய்கிறோம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000-லேயே தடை வந்தும் அது பரவியது இப்படிக் கைமாறிக் கைமாறித்தான். நோயும் தண்ணீரோடு வரும். 1988 வாக்கில் வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் வந்த புண் நோய் சில வருடங்களில் தெற்கு வரை இறங்கி, விராலைத்தான் மோசமாகத் தாக்கியது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏரியை விட்டுக் கிளம்பும் முன் படகிலும் மீன் தொட்டியிலும் உள்ள தண்ணீரைக் கரையிலேயே வடித்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஓர் ஏரியின் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகக் கூடாது என்பதுதான் காரணம். நமக்கும் அது நல்ல பழக்கம்.

உயிரோடு வருவது, உயிர் போய் வருவது

சாப்பாட்டுக்கு உயிரோடு கொண்டுவருவது வேறு விஷயம். அதில் நம் ஆட்களின் அறிவு பெரியது. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை இவையெல்லாம் காற்றையும் மூச்சாக இழுக்கும். ஈரம் மட்டும் இருந்தால் தண்ணீர் இல்லாமலே நெடுநேரம் உயிரோடு இருக்கும். 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டென்மார்க் அதிகாரி, பனைமரப் பட்டையிடுக்கில் தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஐந்தடி உயரத்தில் ஒரு பனையேறிக் கெண்டையைப் பிடித்ததாக எழுதி வைத்தார். அது நிஜமாகவே மரம் ஏறுமா என்று அறிவியல் உலகம் பல காலம் சண்டை போட்டது. நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: இந்த மீன்களை ஈரச் சாக்கிலோ கொஞ்சமாய்த் தண்ணீர் விட்ட பானையிலோ போட்டு, மேலே காற்றுப் போக இடம் விட்டுக் கொண்டுவரலாம். பானை நிறையத் தண்ணீர் ஊற்றி இறுக மூடினால், மேலே வந்து காற்றுக் குடிக்க முடியாமல் விரால்கூடச் செத்துவிடும். உயிரோடு இருக்கிற மீன் கெடாது. அதற்கு ஐஸ் தேவையில்லை.

கெண்டை, கட்லா, ரோகு, ஜிலேபி இந்த வகையில் சேராது. வாளித் தண்ணீரில் போட்டால் பத்துப் பதினைந்து மீன் சேர்ந்து இருக்கிற பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்துவிட்டுச் சாகும். பிறகு அதே வெதுவெதுத் தண்ணீரில், எல்லா மீனின் சளியிலும் கழிவிலும் ஊறிக்கொண்டே வீடு வரும். மீனைத் தண்ணீரோடு கொண்டுவந்தால் புதுசாக இருக்கும் என்பது ரொம்பப் பேருக்கு இருக்கிற நம்பிக்கை. செத்த மீனுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

கரையில் செய்ய வேண்டியது

இந்த வகை மீனைப் பிடித்ததும் தலையில் ஒரே தட்டு. துடிக்கத் துடிக்க விட்டால் சதையில் இருக்கும் சத்தைத் துடித்தே தீர்த்துவிடும், விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும், அதன்பின் கெடுதல் வேகமாகும். ஜப்பானியர்கள் மூளையில் கம்பி குத்தி, ரத்தத்தை வடித்து, ‘இகெஜிமே’ என்று பெயர் வைத்து இதை ஒரு கலையாகவே செய்கிறார்கள். விரால் மண்டையில் கட்டையால் ஒன்று வைக்கும் நம் ஊர்ப் பெரியவர் செய்வதும் பாதி அதேதான். பெரிய மீனாக இருந்தால் செவுளை வெட்டிவிட்டு ரத்தம் வடியவிடலாம். சதை வெள்ளையாக இருக்கும், கவுச்சி குறையும்.

கெளுத்தி, தேளிக்கு இன்னொரு வேலை உண்டு. பக்கத்துடுப்பின் முள்ளைக் கொறடால் ஒடித்துவிட்டுத்தான் பைக்குள் போட வேண்டும். தேளியின் முள்ளில் விஷம் இருக்கிறது. குத்திவிட்டால் கையைப் பொறுக்கும் சூட்டுக்கு வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருங்கள். அந்த விஷம் சூட்டில் சிதையும், வலி குறையும். வீக்கம் ஏறினாலோ முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

குடலைக் கரையிலேயே எடுப்பதா, வீட்டில் எடுப்பதா? இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் வீடு என்றால், அல்லது கையில் ஐஸ் இருந்தால், முழுசாகவே கொண்டுவரலாம். நேரமாகும், ஐஸும் இல்லை என்றால் பெரிய மீனுக்குக் குடலையும் செவுளையும் எடுத்துவிடுவது நல்லது. ஆனால் எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். குடலைப் பாதி கிழித்து உள்ளேயே விட்டால், கிருமியைச் சதை முழுக்கப் பூசிவிட்ட மாதிரி. குடலை எடுக்காத மீனைவிட அது சீக்கிரம் கெடும். முதுகெலும்பை ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்பு ரத்தக் கட்டியையும் கட்டைவிரலால் வழித்துவிடுங்கள். கழுவ வீட்டிலிருந்து கொண்டுபோன குடிதண்ணீர் போதும். தேங்கிய மடுத் தண்ணீரில் வெட்டிய மீனைக் கழுவுவது அழுக்குத் துணியால் தட்டைத் துடைப்பது மாதிரி. துண்டு போடும் வேலையைக் கரையில் வைத்துக்கொள்ள வேண்டாம். வெட்டுப்பட்ட இடம் கூடக் கூடக் கிருமிக்கு வாசல் கூடும்.

குடலை எடுக்கும்போது பித்தப்பை உடையாமல் பார்க்க வேண்டும். உடைந்தால் கசப்பு மட்டும்தான் என்று நினைக்கிறோம். கெண்டை இனத்துப் பித்தத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரோகு மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கி, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உடைந்து கறைபட்ட இடத்தை உடனே கழுவி, அந்தச் சதையையும் கொஞ்சம் அரிந்து போட்டுவிடுங்கள்.

ஓலைப்பறியும் பாலித்தீன் பையும்

முன்பு மீன் பிடிப்பவர் இடுப்பில் ஓலைப்பறி தொங்கும். பனையோலையில் முடைந்தது, சுற்றிலும் காற்றுப் போகும், ஈரத்திலேயே இருக்கும். வீட்டுக்குக் கிளம்பும்போது மேலே நனைத்த சாக்கைப் போர்த்திக்கொள்வார்கள். இதை வெறும் வசதி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறக்குறைய 80 கிலோகலோரி. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது இழுப்பது 580 கிலோகலோரி. ஏழு மடங்கு. உலர்ந்த மே மாதக் காற்றில், சைக்கிள் ஓட ஓட, ஈரச் சாக்குக்குள் இருக்கிற மீன் வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்க முடியும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான். ஐஸ் கம்பெனி பக்கத்தில் இல்லாத காலத்தில் இதுதான் ஐஸ்பெட்டி.

பாலித்தீன் பை இந்த இரண்டையும் கெடுத்தது. காற்றும் போகாது, ஈரமும் ஆவியாகாது, வெயில் பட்டால் உள்ளே அடுப்பு மாதிரி. வடிந்த ரத்தத்திலும் சளியிலும் மீன் வேகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மீன் விஷயத்தில் அதைச் சுற்றுச்சூழலுக்காக மட்டும் பின்பற்ற வேண்டியதில்லை, மீனுக்காகவே பின்பற்றலாம்.

ஐஸ் கிடைக்கிறது என்றால் கணக்கு எளிது. 30 டிகிரியில் இருக்கும் மூன்று கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க, ஏட்டுக் கணக்குப்படி ஒரு கிலோ ஐஸ் போதும். ஆனால் வழியெல்லாம் வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஆகவே நம் வெயிலுக்கு மீனும் ஐஸும் சரிக்குச் சரி. கட்டி ஐஸைச் சாக்கில் போட்டு நன்றாக நொறுக்கி, தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே ஒரு அடுக்கு மீன், மறுபடி ஐஸ் என்று போட வேண்டும். குடல் எடுத்த மீனின் வயிற்றுக்குள்ளும் ஐஸ் வைக்கலாம். வயிற்றைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து அடுக்கினால் தண்ணீர் உள்ளே தேங்காது. பெட்டியின் அடியில் ஒரு ஓட்டையும், அதற்குக் கீழே ஒரு பாத்திரமும் இருக்கட்டும். மீன் உருகிய தண்ணீரில் மிதக்கக் கூடாது. விறைத்துப் போன மீனை நிமிர்த்தவோ மடக்கவோ செய்தால் சதை பிளந்துவிடும், அப்படியே வைத்துவிடுங்கள்.

2018-ல் பரபரப்பான ஃபார்மலின் விவகாரமும் இந்த ஐஸ் கணக்கில்தான் போய் நிற்கிறது. ஐஸ் போடும் செலவை மிச்சப்படுத்த ரசாயனம். அதைக் கண்டுபிடிக்க, கொச்சியிலிருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன்மேல் தேய்த்துப் பார்க்கும் ஒரு தாள் சோதனையை அந்த ஆண்டுதான் கொண்டுவந்தது.

பஸ்ஸில் ஏறும்போது

2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சல் பஸ் நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய வயதான பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் நின்று நியாயம் கேட்ட வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநர், நடத்துனர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு கேரள அரசு, திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே ‘சமுத்ரா’ என்ற இலவசப் பேருந்தை விட்டது. ஒரே பிரச்சினைக்குப் பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு விதமான பதில்.

கவுச்சி நாற்றத்தை மீன்காரருடைய குணமாக, சில சமயம் சாதியாகவே, பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உண்மையில் நல்ல நிலையில் இருக்கிற நன்னீர் மீனுக்கு நாற்றமே குறைவு. கடல் மீனுக்கு வரும் அந்தக் குறிப்பிட்ட நெடிக்கு மூலப்பொருள் நன்னீர் மீனில் மிகக் கொஞ்சம். நாறுவது சூடும் நேரமும்தான். ஐஸ் வாங்கக் காசும், பெட்டி வைக்க வண்டியும் இருப்பவர் மீன் நாறாது. தலைச்சுமையாகக் கொண்டுபோகிறவர் மீன் நாறும். வித்தியாசம் ஆளில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால், நாமும் மூடி போட்ட டப்பாவில், நீர் ஒழுகாமல், சக பயணிக்குத் தொந்தரவில்லாமல் கொண்டுவருவோம். கூடையோடு ஏறும் அம்மாவுக்கும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விடுவோம்.

வீட்டுக்கு வந்த பிறகு

விரால், கெளுத்தி, ஆரல் மாதிரி வழுவழுப்பு மீனுக்கு அடுப்புச் சாம்பல்தான் சரி. சாம்பலைத் தொட்டுக் கல்லில் உரசினால் சளி கழன்று வரும், கையிலும் பிடி கிடைக்கும். அயிரையை உயிரோடு கொஞ்ச நேரம் நல்ல தண்ணீரில் விட்டு மண்ணைக் கக்கவிட்டு, பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்பு போட்டுத் தேய்த்தெடுப்பார்கள். அவசரப்பட்டால் குழம்பு நறநறக்கும்.

ஏரி மீனில் வரும் சேற்று வாடை வேறு வகை. கெட்டுப்போனதால் வருவதில்லை. தண்ணீரில் இருக்கும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருள் அது. மழை பெய்ததும் எழும்புகிற மண்வாசனையும் இதே பொருள்தான். மீனின் கொழுப்பில் போய்த் தங்கிவிடுவதால் கழுவிப் போகாது. புளிப்பில் சிதையும். அதனால்தான் ஏரி மீனுக்குப் புளி தூக்கலாகக் கரைக்கச் சொன்னார்கள், மோரிலோ எலுமிச்சையிலோ ஊறவைக்கச் சொன்னார்கள். காரணம் தெரியாமலே வேதியியல் செய்த சமையல்.

கடைசியில் கழிவு. செதில், குடல், செவுளை ஆற்றிலேயே வீசிவிட்டு வரக் கூடாது. தேங்கிய மடுவில் அது அழுகி, மிச்சமிருக்கும் மீனையும் கொல்லும். நாய் கூடும். கீழே அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது, குளிக்கிற துறையில் அதற்கு இரை போட்டுப் பழக்குவது யாருக்கும் நல்லதில்லை. ஒரு டப்பாவில் எடுத்துவந்து, எடைக்கு எடை வெல்லம் சேர்த்து, காற்றுப் புகாமல் மூன்று வாரத்துக்கு மேல் மூடி வைத்தால் மீன் அமிலம் தயார். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம். தோட்டம் இல்லையென்றால் முருங்கை மரத்தடியில் ஒரு அடி ஆழத்தில் புதைத்தாலே போதும்.

மீன் பிடிக்கப் போகும்போது வலை, தூண்டிலோடு இவ்வளவும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கொறடு, கூரான கத்தி, ஐந்து லிட்டர் குடிதண்ணீர், மூடி போட்ட டப்பா, ஐஸ் அல்லது இரண்டு நனைத்த சாக்கு. ஐஸும் இல்லை, சீக்கிரம் வீடு சேரவும் வழியில்லை என்றால் கல்லுப்பும் கருவாடும்தான் மிச்சமிருக்கும் வழி. அதைத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன்.